அந்தப் புண்ணுக்கு எந்த ஊர்?

எனக்குப் பொறுமை குறைவு. தோல் டாக்டரான உனக்கு எதற்கு இந்த அவசரம் என்று என் கணவர் இன்றும் கேலி செய்வார்.

டெல்லி அரசு மருத்துவமனையில் நான் இருந்த பிரிவுக்கு ஒரு பெண் வலது மணிக்கட்டை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தார். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் வீடு வீடாகச் சமையல் செய்பவர். ஓரம் தடித்து, நடுவில் பொருக்குத் தட்டிய புண். வலியில்லை, ஆனால் மாதக்கணக்கில் ஆறவுமில்லை. தொழுநோய் என்று பயந்து ஒவ்வொரு வீடாக நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்தது ஒரே வீடு. அதுவும் போனால் குடும்பத்தோடு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான் என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

முன்பு பார்த்தவர்கள் மாத்திரையும் களிம்பும் மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தார்கள். எந்த ஊர் என்றும் கேட்டிருந்தார்கள். நானும் கேட்டேன். டெல்லித் தமிழரிடம் இதைக் கேட்டால் பூர்வீகம்தான் பதிலாக வரும். இதே டெல்லியில், துவாரகாவில் பிறந்து வளர்ந்த என் மகளே திருநெல்வேலி என்பாள்.

"விழுப்புரம் பக்கங்க, டாக்டரம்மா."

அந்தப் பக்கத்துப் புண்ணாக அது எனக்குத் தெரியவில்லை. எரிச்சலில் கேள்வியை மாற்றினேன். "போன வருஷம் எங்கெங்க படுத்துத் தூங்குனீங்க? அதச் சொல்லுங்க."

"பிகானேர்ல எங்க வீட்டுக்காரருக்குக் கட்டட வேல. நானும் கூடப் போயிருந்தேன். வெக்கைக்கு வெளியிலதான் படுப்போம்."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"எல்லாரும் ஊரத்தான கேட்டாங்க? அது வேலைக்குப் போன எடம்."

கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ராஜஸ்தானின் அந்தப் பகுதியில் மணல் ஈ கடித்தால் ஒட்டுண்ணி தோலுக்குள் புகுந்து இப்படித்தான் புண்ணாக்கும். பொருக்கை விட்டுவிட்டுத் தடித்த ஓரத்தைக் கீறி, சுரண்டியதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயமேற்றினேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால், செல்லுக்குள் அந்த ஒட்டுண்ணிகள் கும்பலாகக் குடியிருந்தன. மேசையில் ஓங்கித் தட்டினேன். ஆய்வகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைய சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

கடைசி வீட்டு அம்மாவிடம் நானே ஹிந்தியில் போனில் பேசினேன். இது தொழுநோய் இல்லை, தொட்டால் ஒட்டாது, சமைத்தாலும் ஒட்டாது என்றேன். அச்சா, அச்சா என்றவர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. புண்ணின் ஓரத்திலேயே ஊசி போட வேண்டும். உயிர் போகிற வலி. வாரம் தவறாமல் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினார். ஓரம் அமுங்கியது, பொருக்கு உதிர்ந்தது, கடைசியில் வெளிறிய தழும்பு மட்டும் நின்றது.

கடைசி முறை வந்தபோது ஒரு டப்பாவைத் திறந்து என் முன்னே வைத்தார். புளிசாதம். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, அங்கேயே உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டேன்.

"நிறுத்துன வீட்டுக்காரங்க திரும்பக் கூப்புடுறாங்க, டாக்டரம்மா," என்றார். "யோசிச்சுச் சொல்றேன்னுட்டேன்."