அண்ணாந்து குடித்த ரம்

இந்த நாட்டில் கிளாசோடு கிளாஸ் முட்டும்போது எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேர் நின்றால் பன்னிரண்டு சோடிக் கண்கள், பன்னிரண்டு பெயர்கள், பன்னிரண்டு தடவை 'சாந்தே' என்ற வாழ்த்து. பிரான்ஸ் எல்லைக்கு இந்தப் பக்கத்து மலை ஊரான லா ஷோ-து-ஃபோனில் நான் வேலை செய்யும் கடிகாரத் தொழிற்சாலையில் யாருக்காவது பிள்ளை பிறந்தாலும், யாராவது ஓய்வு பெற்றாலும், வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு மேசைக்குப் போத்தல்கள் வந்துவிடும். அதற்கு 'அப்பெரோ' என்று பெயர். பத்தொன்பது வருடமாக அந்த மேசையில் நான் தோடம்பழச் சாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆரம்பத்தில் மேலாளரின் கண்ணைப் பார்க்கக் கூச்சப்பட்டு, கிளாசைப் பார்த்தே முட்டுவேன். இப்போது எவர் கண்ணையும் நேராகப் பார்ப்பேன். கிளாசுக்குள் இருப்பதுதான் மாறவில்லை. 'கௌரிக்கு ஜூஸ்' என்று அவர்களே ஊற்றித் தந்துவிடுவார்கள். அது அன்புதான். என்றாலும், எனக்கு என்ன வேண்டும் என்று ஒருநாளாவது கேட்டிருக்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது.

லூக் எங்கள் பகுதியில் கடிகாரக் கூடுகளை மினுக்குபவர். கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவில் பிறந்தவர். தினமும் காலையில் பிரான்ஸ் எல்லையைக் கடந்து வேலைக்கு வந்து, மாலையில் திரும்பிப் போகிறார். அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று, அவருடைய குடும்பப் பெயர் 'சாமி' என்று முடிவதைப் பெயர்ப் பட்டியலில் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. முகமும் அசல் எங்கள் ஆட்களின் முகம். ஓடிப்போய், "அண்ணை, நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பார்தோன்?" என்று பிரெஞ்சில் திருப்பிக் கேட்டார். அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டத்து வேலைக்கென்று கப்பலேற்றிக் கொண்டுபோன தமிழர்களின் வழிவந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. தமிழில் அவரிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெயரின் வால் மட்டும்தான். நாங்கள் கதைப்பது எல்லாம் பிரெஞ்சில். எனக்கு அது தமிழில்தான் நினைவில் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

போன மாசி மாதம் ஒருநாள் கன்டீனில் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"என்ரை மச்சான் வேலை செய்யிற வடிசாலையின்ரை ரம் வந்திருக்கு. பன்னிரண்டு வருசம் பீப்பாய்க்குள்ளை கிடந்தது. சனிக்கிழமை இஞ்சத்தை வைன் கடை மதாமுக்குக் குடுத்துப் பாக்கப் போறன். நீயும் வாறியோ?"

"நான் குடிக்கிறேல்லை எண்டு தெரியுந்தானே."

"உனக்கு மூக்கிருக்கு."

அது உண்மை. கடிகாரப் பாகங்களைக் கழுவும் திரவம் பழுதாகிவிட்டதென்றால் எங்கள் பகுதியில் முதலில் மணந்து சொல்வது நான்தான். அந்த வடிசாலை மிகச் சிறியதாம். வெட்டிய கரும்பை அன்றைக்கே பிழிந்து, அந்தச் சாற்றைப் புளிக்க வைத்து, பிழிந்த சக்கையையே அடுப்பில் எரித்து வடிப்பார்களாம். ஏற்கனவே இரண்டு கடைக்காரர்கள், பெயர் தெரியாத சரக்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த மதாமும் வேண்டாம் என்றால் இனி இந்த ஊரில் கேட்பதற்குக் கடையில்லை.

"பதினொரு வருசமா இந்த ஊருக்கு வந்து போறன். என்ரை ஊர் ஒருக்கா இஞ்சை வந்து நிண்டாப் போதும்," என்றார். அப்படி ஒரு மனிதர் கேட்டபிறகு நான் எப்படி மாட்டேன் என்பது?

"உமக்கென்ன விசரே?" என்றார் என் கணவர். அவர் குடிப்பவர்தான். ஒரே மடக்கு, முகம் அட்டகோணல், உடனே ஒரு கைப்பிடி மிக்சர். ருசி என்ற ஒன்று நாக்கில் படக்கூடாது என்பதில் மனிதர் அவ்வளவு கவனம். "பொம்பிளை ரம் குடிக்கப் போனதெண்டு சனம் கதைக்கும்."

"எங்கடை சனம் ஆரப்பா வைன் கடைக்குள்ளை நிக்கப் போகினம்?"

கொஞ்சம் யோசித்தார். "நிண்டாலும் வெளியிலை சொல்ல மாட்டினம்," என்று அவரே ஒத்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த வீட்டில் சாராயம் ஆண்களுக்கு, கிளாஸ் கழுவுவது எனக்கு. ஐயாவும் சிநேகிதர்களும் எழும்பிப் போனதும் கிளாஸ்களைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், கழுவ முதல் ஒவ்வொன்றாக மணந்து பார்ப்பேன். எது தென்னஞ்சாராயம், எது பனஞ்சாராயம், எதற்குள் தண்ணீர் கலந்தார்கள் என்பதெல்லாம் பதினொரு வயதிலேயே எனக்குத் தெரியும். ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? செருப்புப் பிய்ந்துவிடும்.

சனிக்கிழமை முற்பகல். வீதியின் இரண்டு பக்கமும் இடுப்பளவு பனி. மதாம் எழுபதை நெருங்கியவர், கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கியது, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். கதை கேட்க நேரமில்லை என்பதுபோல் கடதாசியும் பென்சிலும் எடுத்து வைத்தார். லூக் தொழிற்சாலையில் வாய் ஓயாதவர். அன்று பார்வையைப் போத்தலில் வைத்தபடியே தக்கையைத் திருகினார். தக்கையைத் திறந்ததுமே எனக்கு மூக்கு விடைத்தது. பீப்பாயில் கிடக்கும்போது வருடாவருடம் கொஞ்சம் ஆவியாகிப் போகுமாம், அதைத் தேவதைகளின் பங்கு என்பார்களாம். எங்கள் ஊரில் என்றால் காவற்காரனைத்தான் சந்தேகப்பட்டிருப்போம்.

"எங்கடை வீட்டிலை புதுப் போத்தில் திறந்தா முதல் கிளாஸ் ஒண்டுதான். எல்லாரும் அதிலை குடிக்கவேணும்," என்று சொல்லி லூக் ஒரே ஒரு கிளாசில் ஊற்றினார். கூட வந்தவள் என்று முதலில் என்னிடம் நீட்டினார்.

இங்கேதான் என் கை என்னைக் கேட்காமல் வேலை செய்தது. எனக்குப் பிறகு இன்னொருவர் குடிக்கப்போகும் கிளாஸ். அதில் எப்படி வாய் வைப்பது? தலையை நிமிர்த்தி, கிளாசை உயர்த்தி, செம்புத் தண்ணீர் குடிப்பதுபோல் அண்ணாந்து தொண்டைக்குள் ஊற்றினேன்.

நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்கு சாராயம். நெருப்பு உள்ளே இறங்கியது. புரையேறி, மூக்காலும் கண்ணாலும் வழிந்து, பாதி ரம் மதாமின் கடதாசியில் விழுந்தது. இருமி முடித்து நிமிர்ந்தபோது லூக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். போச்சு, இந்த மனிதரின் காரியத்தை நான் கெடுத்துவிட்டேன்.

"இதென்ன, மருந்தோ?" என்று மதாம் கேட்டார்.

என் அரைகுறைப் பிரெஞ்சில் விளக்கினேன். "வாய் வைச்சா எச்சில். பிறகு நீங்கள் குடிக்கவேணுமே, மதாம். அதுதான்."

மதாம் நனைந்த கடதாசியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப இது எனக்காகச் செய்ததோ?"

"ஓம்."

லூக் மெதுவாகச் சொன்னார்: "என்ரை அப்பா கரும்புத் தோட்டத்திலை தண்ணி இப்பிடித்தான் குடிப்பார். ஏன் எண்டு கேட்டா, இப்பிடித்தான் எண்டுவார். வேறை ஆரும் இப்பிடிக் குடிச்சு நான் காணேல்லை."

மதாம் உள்ளே போனார். கால் வைத்த மூன்று சிறிய கிளாஸ்களோடு வந்து, தானே ஊற்றி, ஒன்றை என் பக்கம் தள்ளினார். "இப்ப உங்களுக்காகக் குடியுங்கோ."

குடித்தேன். முதலில் மூக்கு, பிறகு உதடு, பிறகு ஒரு துளி நாக்கு நுனியில். எரிவு விலகிப் போக, அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. அவித்த வாழைப்பழம், வறுத்த கச்சான் கடலை, கறுவாப்பட்டை. கடைசியில், எல்லாம் போய்விட்டது என்று நினைத்தபோது, இன்னொன்று வந்தது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. பனையோலையில் இழைத்த சின்னப் பெட்டியான குட்டானில் பனங்கட்டி, அதாவது பனைவெல்லம், இருக்கும். அதைத் தின்று முடிந்த பிறகும் அடியில் கொஞ்சம் ஓலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ஓலையோடு சேர்த்துச் சப்பும்போது வருமே, இனிப்பும் ஓலைக் காறலும் சேர்ந்த ஒரு ருசி, அதுவேதான்!

"என்ன வருகுது?" என்றார் மதாம். பென்சில் கையில் இருந்தது.

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக இந்த ஊரில் ஒருவர் என் நாக்கின் கருத்தைக் கேட்கிறார். சொன்னேன். 'நல்லாயிருக்கு' என்று பிரெஞ்சில் ஒற்றைச் சொல்லோடு தப்பித்துக்கொள்ளாமல், பனையை, ஓலையை, குட்டானை, கைகால் எல்லாம் ஆட்டி விளக்கினேன். ஒரு கட்டத்தில் பென்சிலை வாங்கிக் குட்டானைக் கீறியும் காட்டினேன். மதாம் மறுபடி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி அதை நாக்கில் உருட்டினார். "ஓலை இருக்கு," என்றார். "ஓம், இருக்கு."

இப்போது அந்த ரம் அவருடைய கடையின் முன் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. அதன் கீழே ஓர் அட்டை. லூக்கின் தீவின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது, அடுத்த வரியில் 'ஓலையில் ஒட்டிய பனஞ்சீனியின் ருசி' என்று பிரெஞ்சில். லூக் அதற்கு முன்னால் நின்று பன்னிரண்டு படம் எடுத்தார், பதினொன்றில் கண் மூடியிருக்கிறார். மிச்சம் இருந்த போத்தலை எனக்கே தந்துவிட்டார்.

அட்டையில் ஏறிய வார்த்தைக்கு நான்தானே பொறுப்பு. சரிபார்க்காமல் இருக்க முடியவில்லை. பீல் நகரில் இருக்கும் தமிழ்க் கடைக்குப் போய், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பனங்கட்டி ஒரு பை வாங்கினேன். ஞாயிறு மத்தியானம் மேசையில் இரண்டையும் வைத்தேன். பனங்கட்டியைக் கடித்தேன். வெறும் இனிப்பு. இன்னொன்று கடித்தேன். அதுவும் வெறும் இனிப்பு. மதாமிடம் பொய் சொல்லிவிட்டேனா?

"இஞ்சருங்கோ, ஒருக்கா இதைக் குடிச்சுப் பாருங்கோ. மடக்கெண்டு விழுங்காதேங்கோ. நாக்கிலை வைச்சிருங்கோ," என்று கணவரிடம் கிளாசை நீட்டினேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் சொன்னபடி செய்தார். முகம் கோணவில்லை. மிக்சரைத் தேடவில்லை. கையை மேசையில் ஊன்றிக்கொண்டு அப்படியே இருந்தார். கண் கலங்கியிருந்தது; ரம்மின் காரம் என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

"பனங்கட்டி," என்றார்.

"அப்ப இது?" என்று பையைக் காட்டினேன்.

ஒரு துண்டைக் கடித்தார், மென்றார், பையை மெல்ல ஒதுக்கி வைத்தார். "இதைப் பாயாசத்துக்குப் போடும்," என்று சொல்லி, கிளாசை மறுபடி என் பக்கம் நீட்டினார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது எங்கிருந்து வந்தது என்று போத்தலிலும் பையிலும் தெளிவாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் ஊரிலிருந்து வந்ததைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணாலும் காணாத ஒரு தீவிலிருந்து எங்கள் ஊரைத் துளித்துளியாகக் குடித்துக்கொண்டிருந்தோம்.