முப்பத்தெட்டு புள்ளி எட்டு

எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கு ஒரே சட்டம்தான். நூறைத் தாண்டினால் காய்ச்சல், தாண்டாவிட்டால் சோம்பல். சட்டம் போட்டவர் அப்பா. அவரும் அதற்குக் கட்டுப்பட்டவர்தான். தொண்ணூற்றொன்பதரையோடு அம்பாசமுத்திரம் வரை பஸ் ஓட்டிவிட்டு வந்திருக்கிறார்.

அவருக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த ஆடியில் எப்படியோ ஒருநாள் கிடைத்தது. குற்றாலம் போவதாக முடிவாயிற்று. நானும் தம்பியும் ஒரு வாரமாகத் தரையில் கால்பாவவில்லை. புறப்படும் காலையில் பார்த்தால், அம்மா கண் சிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"சுடுதே. வச்சுப் பாரு. நூறு தாண்டிச்சுன்னா யாரும் போவ வேண்டாம்."

எனக்கு உயிரே போய்விட்டது. பெற்ற தாயின் உடம்புக்காக வேண்டிக்கொள்ள வேண்டிய பிள்ளை, நூறு வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

பழைய பாதரசத் தெர்மாமீட்டரை நான் எப்போதோ போட்டு உடைத்திருந்தேன். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த புதியதை அம்மா நாக்கடியில் வைத்தாள். அது பீப் பீப் என்று கத்தியதும் அப்பா வாங்கிப் பார்த்தார். முப்பத்தெட்டு புள்ளி எட்டு.

"நூறுல பாதிகூட வரலியேட்டி! இதுக்கா இந்த மூஞ்சி?"

அம்மா சிரித்தாள். "நாந்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேம்லா. கெளம்புங்க, பஸ் போயிரும்."

அந்த எண் செல்சியஸ். எங்கள் வீட்டு ஃபாரன்ஹீட் கணக்கில் அது நூற்றிரண்டை ஒட்டி வரும். அப்பாவுக்கு அது தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அம்மா மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். அதே மாதிரிக் கருவியை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிச் சொல்லி விற்றவள். அவளுக்கா தெரியாமல் இருந்திருக்கும்?

அருவிக்கரையில் எங்கள் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கியே நின்றாள். பற்கள் தந்தியடித்தன.

"தண்ணியே படாம எதுக்கும்மா நடுங்குத?"

"சாரல்லா" என்றாள்.

நம்பினோம். குளிக்கப் பயந்தவள் என்று தம்பியோடு சேர்ந்து கேலிகூடச் செய்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் ஈரத்தலையோடு எனக்குக் குளிர் தாங்கவில்லை. அம்மாவின் முந்தானைக்குள் புகுந்து ஒட்டிக்கொண்டேன். அடுப்படி மாதிரிக் கதகதவென்று இருந்தது. தம்பியும் இடம் கேட்டு இடித்தான், நான் விடவில்லை. நம் அம்மாவுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சூடு என்று பெருமைப்பட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.