டீமேக்கர் ஐயா வாங்கிய பிளேன்

கம்பியூட்டர் கடையில் நின்றவர்களுக்குத் தெரியும்: "நல்லதா ஒன்னு குடுங்க தம்பி" என்று ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் அன்றைக்கு மத்தியானச் சோறு ஆறிவிடும்.

நான் சில வருசம் பெல்மதுளைச் சந்தியில், பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த ஒரு கடையில் வேலை பார்த்தேன். நானும் நிமலும்தான். விற்பது நான், கழற்றிப் பூட்டுவது நிமல். அவன் சிங்களவன். தமிழை எங்கள் வாடிக்கையாளர்களிடமே கற்றுக்கொண்டதால் அவன் பேசும் தமிழில் பாதி, பழுதுபட்ட சாமானைப் பற்றிய முறைப்பாடாகத்தான் இருக்கும். டைப் அடிக்க வாங்கியவர்கள், பாட்டுக் கேட்க வாங்கியவர்கள் எல்லாரும் மறந்துபோனார்கள். பிளேன் ஓட்ட வாங்கியவரை மட்டும் மறக்க முடியவில்லை. இந்தத் தொழிலில் அடிபட்ட நீங்களும் கேளுங்கள், மனசு லேசாகும்.

விசிறி

றக்வான பஸ்ஸில் வந்திறங்கி, ஈரக் குடையை வாசலில் மாட்டிவிட்டு, ஒரு பெரியவர் படியேறி வந்தார். மாரிமுத்து என்று பெயர். றக்வானப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை பேக்டரியை நடத்தும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். "பிளேன் ஓட்டுற கம்பியூட்டர் இருக்கா?" என்றார். நிமல் விளையாட்டுச் சாமான் கடை கீழே இருக்கிறது என்று கையைக் காட்டினான்.

ஐயா உட்கார்ந்து விசயத்தைச் சொன்னார். மகள் லண்டனில். தலைப்பிரசவம். பக்கத்தில் பெண் துணை யாருமில்லை, போனில் அழுகிறாள். அம்மா லெட்சுமியோ, "காலுக்குக் கீழ ஒன்னுமே இல்லாத எடத்துல நான் ஒக்கார மாட்டேன்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். நிஜ விமானம் மாதிரியே ஓட்டிப் பார்க்கும் ஒரு கேம் இருக்கிறது, வீட்டிலேயே பழகினால் பயம் தெளியும் என்று மருமகன் சொல்லியிருக்கிறார்.

நான் உற்சாகமாகிவிட்டேன். அந்தக் கேமுக்கு ஆபீஸ் மெஷின் காணாது, படத்தைச் சுறுசுறுப்பாகக் காட்ட கிராபிக்ஸ் கார்ட் என்று தனியாக ஒன்று வேண்டும், ராம் இரண்டு மடங்காவது வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பெட்டியின் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னார். பேக்டரியில் தேயிலைக் கொழுந்தை வாட்டும் ராட்சத விசிறிகளோடு வாழ்ந்தவர், உள்ளே சுற்றிய விசிறியை வெகுநேரம் பார்த்தார். கையை நீட்டிக் காற்றைப் பார்த்தார். பிறகு ரொம்ப வருத்தமாகச் சொன்னார்:

"தம்பி, இந்த விசிறிக்கு ஒரு புடி கொழுந்துகூட வாடாதே. இத வச்சா லண்டனுக்குப் போறது?"

நடுவானத்தில்

கிராபிக்ஸ் கார்டை அவர் வேண்டாம் என்றுவிட்டார். படம் வரைவது சின்னப் பிள்ளைகள் வேலை, நமக்கு ஓடினால் போதும் என்பது அவர் கட்சி. நானும் வாதாடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். (நீங்கள் வாதாடி ஜெயித்திருக்கிறீர்களா?)

அந்த வாரமே போன் வந்தது.

"தம்பி, பிளேன் நிக்குது."

"எங்க ஐயா நிக்குது?"

"ஆகாசத்துல."

எனக்கு விளங்கிவிட்டது. கார்ட் இல்லாத மெஷின் படத்தை ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்துத்தான் போடும். பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு பேருமாகவே வந்தார்கள். லெட்சுமி அம்மாவை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு. பெட்டியை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்து, இவர்கள் நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள். நிமல் கதிரை போட்டான். அம்மா உட்காரவில்லை. புருசனைக் காட்டி என்னிடம் நியாயம் கேட்டார்:

"முன்னாடி போறதுக்குத்தான் பயந்தேன் தம்பி. அது நடுவுல நிக்கவும் நிக்கும்னு இவரு இப்ப காட்டிக் குடுத்துட்டாரு. பஸ்ஸு நின்னா எறங்கி நடக்கலாம், அதுல எங்க எறங்குறது?"

கொழுந்து வரும் நேரம்

கொழும்பிலிருந்து கார்ட் எடுப்பித்தோம். அது கரண்ட் குடிக்கும் ஜாதி என்பதால் பவர் சப்ளையையும் பெரிதாக மாற்றினோம். பிளேன் அழகாகப் பறந்தது. ஆனால் இறங்கவில்லை. தரை தொடப்போகும் நேரத்தில் கம்பியூட்டர் தானாக அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறதாம். தினமும் சாயந்தரம் இதே கதை. அம்மா பார்த்த பிளேன் ஒன்றுகூட உயிரோடு தரைக்கு வரவில்லை.

கரண்ட் குறைந்தாலும் மெஷினைத் தாங்கிப் பிடிக்கும் யூபிஎஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நானும் நிமலும் பஸ் ஏறினோம். றக்வானப் பாதையின் வளைவுகளில் அந்தப் பாரம் என் மடியிலிருந்து நிமல் மடிக்கும், நிமல் மடியிலிருந்து முன்சீட்டுக்காரர் முதுகுக்கும் போய்வந்தது. அவர்கள் வீடு பேக்டரிக்குக் கீழேயே இருந்தது. போன உடனே காரணம் தெரிந்துவிட்டது. சாயந்தரம் மலையிலிருந்து கொழுந்து வந்து இறங்கியதும் பேக்டரியில் வாட்டுற விசிறிகளைப் போடுகிறார்கள். அந்தக் கரண்ட் இழுப்பில் சுற்றுவட்டாரமே மங்குகிறது.

நாங்கள் வயரைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே ஐயா திரையில் பிளேனைக் கீழே இறக்க ஆரம்பித்துவிட்டார். பேக்டரிப் பக்கம் லொறிச் சத்தம் கேட்டது. அவர் ஒரு கையால் பிளேனைத் திருப்பும் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி, மறு கையால் இப்போதைய டீமேக்கருக்குப் போன் போட்டார். அவர் இவரிடம் வேலை பழகியவர். "டேய், விசிறிய கொஞ்சம் பொறுத்துப் போடு. நான் எறங்கிக்கிட்டு இருக்கேன்" என்றார் ஐயா. போனில் வந்த பதில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது:

"ஐயா, கொழுந்து காத்திருக்காதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க. இன்னொரு சுத்து சுத்திட்டு எறங்குங்க."

வைரஸ்

யூபிஎஸ் பூட்டியபின் கொஞ்ச நாள் சத்தமில்லை. ஆயுத பூசை முடிந்த மறுநாள் பெட்டி மறுபடி கடைக்கு வந்தது. சூடாகிச் சூடாகி நின்றுவிடுகிறது. வைரஸாக இருக்கும் என்று ஐயா முடிவு கட்டியிருந்தார். நிமல் திருகாணியைக் கழற்றினான். கடை முழுக்கச் சந்தன வாசம். காற்றுப் போகும் ஓட்டையெல்லாம் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. ஐயா அன்றைக்கு முறைத்துப் பார்த்த அந்த விசிறியில் செவ்வந்தி இதழ்கள் சிக்கிக் கிடந்தன. நிமல் ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தாளில் அடுக்கினான். கீழே போட மனசு வராமல் என்னைப் பார்த்துச் சொன்னான்:

"மச்சான், வைரஸ் ஒன்னும் இல்ல. சாமிதான் கூடிப்போச்சு."

பிடி

அடுத்தது ஜாய்ஸ்டிக். ஐயா அதை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். பேக்டரியில் பெரிய இரும்புச் சக்கரங்களைத் திருகிப் பழகிய கை. பிளேன் சரிந்தால் ஜாய்ஸ்டிக்கை மேசையோடு சேர்த்துச் சரிப்பாராம். கூட வந்த அம்மா, வீட்டில் நடப்பதை மெதுவாக எடுத்துவிட்டார். இவர் விழுந்து விழுந்து எழும்புவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள், "எந்திரிங்க, நான் பாக்குறேன்" என்று தானே உட்கார்ந்திருக்கிறார். முதல் நாள் கடலில் விழுந்தார். இரண்டாம் நாள் ஒரு மலையில். பிறகு விழவில்லையாம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடை மெஷினில் கேமைப் போட்டு, புது ஜாய்ஸ்டிக்கை அவர் பக்கம் தள்ளினேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டே விரலால், திருநீற்றுச் சிமிழ் மூடியைத் திறக்கிற மாதிரி பிடித்தார். றன்வே பெரிதாகிக்கொண்டே வந்தது. நிமல் வாயைத் திறந்தபடி நின்றான். சக்கரம் தரையைத் தொட்டது, ஓடியது, நின்றது. படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் கை தட்டினார்.

அம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "லண்டன் பிளேன்லயும் இப்புடி லேசாத்தான் புடிப்பாங்களா தம்பி?" என்றார். இதைவிட லேசாக, பாதி நேரம் கையை எடுத்துவிட்டே போவார்கள் என்றேன். அம்மா திரையைவிட்டுத் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. பிறகு புருசனைப் பார்த்து, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்தவர் போல மூச்சு விட்டுச் சொன்னார்:

"அப்ப சரிங்க. மருமகன டிக்கட் போடச் சொல்லுங்க. புள்ள தனியா கெடக்குது."

போய்வந்தது

போனார்கள், குழந்தை பிறந்தது, பெண் குழந்தை, சில மாதம் இருந்துவிட்டு வந்தார்கள். வந்ததும் எங்களுக்கு சாக்லேட்டோடு கடைக்கு வந்தார்கள். அம்மா பூரிப்பாக இருந்தார். பேத்தியின் படத்தைக் காட்டினார். பயணம் எப்படி என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் ஓட்டுனாரு, ஆனா சக்கரத்த கொஞ்சம் சீக்கிரமே எறக்கிட்டாரு" என்றார். பக்கத்து சீட்டில் அழுத ஒரு பிள்ளைக்கு, இறக்கை ஏன் விரிகிறது, இன்ஜின் சத்தம் ஏன் குறைகிறது என்றெல்லாம் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு போனாராம்.

ஐயாதான் வாடிப்போயிருந்தார். இளைத்திருந்தார். அம்மாவே போட்டுக்கொடுத்தார்: விமானம் கிளம்பியதிலிருந்து இறங்கும்வரை மனுசன் கண்ணைத் திறக்கவில்லை, சாப்பாட்டைத் தொடவில்லை, அம்மாவின் கையை விடவும் இல்லை. வருகிற வருசம் பேத்தியின் பிறந்தநாளுக்கு மறுபடி போகவேண்டுமாம். அம்மா நிமலுக்குப் பேத்தியின் படத்தைக் காட்டப் போன நேரம் பார்த்து, ஐயா என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தம்பி, அதே கம்பியூட்டர்ல கப்பல் ஓட்டிப் பழகலாமா?"

ஆகவே சக தொழிலாளிகளே, ராம் எவ்வளவு, கார்ட் எது என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வாங்க வந்தவர் வீட்டில் உண்மையில் யாருக்குப் பயம் என்பதை முதலில் விசாரித்துவிடுங்கள்.