கடிதத்தில் இல்லாத பெயர்

பழுப்பு உறைக்குள் ஒற்றைத் தாள். மேலே எங்கள் கல்லூரியின் முத்திரை, கீழே துறைத் தலைவரின் பச்சை மைக் கையெழுத்து, நடுவில் இரண்டு பெயர்கள். இரண்டில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. திருச்செங்கோட்டை ஒட்டிய ஒரு ரிக் பட்டறையின் அலுவலகத்தில், மே மாதத்து முதல் வேலை நாளில், அந்தத் தாளை நான் மூன்று முறை படித்தேன்.

கோடைப் பயிற்சிக்கு அந்த இடத்தைத் தேடிப் பிடித்தவள் நான். இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு முடியும் சமயம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளைக் கட்டும் பட்டறைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். முதல் இரண்டில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதில் மேலாளர், "ரிக்குல கம்ப்ரசர்னா என்னன்னாச்சும் தெரியுமாங்க?" என்று சிரித்தார். அப்பா வடநாட்டில் ரிக் ஓட்டுகிறவர். அவரிடம் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். கம்ப்ரசர் காற்றை எப்படி இரண்டு கட்டமாக அழுத்துகிறது என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. "ரெண்டு பேருக்கு எடம் இருக்குதுங்க. காலேஜ்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார்.

அந்த இரண்டு இடமும் எனக்கும் என் தோழிக்கும் என்று துறைத் தலைவரிடம் சொன்னேன். வகுப்பிலேயே என்னை எழுப்பி நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். "லெட்டர நானே அனுப்பிடறேன், நீ கவலப்படாத" என்றார். நம்பினேன்.

பட்டறைக்குள், எனக்கும் தோழிக்கும் பதிலாக, என் வகுப்புப் பையன்கள் இருவர் தலைக்கவசத்தோடு நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேலாளர் சங்கடத்துடன், "கடுதாசில இருக்கற பேருக்குத்தானுங்க பாஸ் போட முடியும்" என்றார்.

அடுத்த பேருந்திலேயே கல்லூரிக்குப் போனேன். துறைத் தலைவர் கொஞ்சமும் பதறவில்லை.

"அத்தன ஆம்பளைங்க வேல செய்யற எடம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க ஊட்டுக்கு யாரு பதில் சொல்றது? உன் நல்லதுக்குத்தான் சாமி. நம்ம லேப்லயே உனக்கு ஒரு புராஜெக்ட் தாரேன்."

"எடம் புடிச்சது நானுங்க சார்."

"அதுக்குத்தானே பாராட்டுனேன்."

இப்போதும் அந்த வார்த்தை காதில் விழும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன். அன்று அப்பாவுக்குப் போன் செய்தேன். அவராவது கொதிப்பார் என்று நினைத்தேன். "வாத்தியாரு சொன்னாக் கேட்டுக்க சாமி, மார்க்கு அவரு கையில இருக்குது" என்றார். அவர் மீதும் கோபம் வந்தது. ஆய்வக வேலையை மறுத்துவிட்டு, அந்தக் கோடை முழுவதும் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசாமல் கிடந்தேன். மறு வருடம் எவர் கையெழுத்தையும் கேட்காமல் கோவையில் ஒரு பம்பு நிறுவனத்தில் பயிற்சிக்கு நானே விண்ணப்பித்தேன். எடுத்துக்கொண்டார்கள். இன்று அங்கேயே வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன்.

போன மாதம் முன்னாள் மாணவர் விழாவுக்கு அழைத்தார்கள். அதே துறைத் தலைவர்தான் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். ஒலிபெருக்கியைப் பிடித்து, "இந்தப் புள்ளைய ரெண்டாம் வருசமே இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பி வெச்சவன் நான்" என்றார். அரங்கம் கைதட்டியது.

என் முறை வந்தது. தயாரித்து வைத்திருந்த நன்றியுரையைத் திறக்கவே இல்லை. நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். முன்வரிசையில் கல்லூரி முதல்வர் கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசைப் பெண்கள் ஒருவர்கூட அசையவில்லை.

இருக்கைக்குத் திரும்பியபோது துறைத் தலைவர் என் பக்கம் சாய்ந்து, சிரித்த முகம் மாறாமல், "அப்பக் காலம் அப்படி சாமி, மனசுல வெச்சுக்காத" என்றார்.

நான் குரலைத் தாழ்த்தவில்லை. "காலம் இல்லைங்க சார். நீங்கதான்."