நாலாவது கை

கண்ணாடிக்காரம்மா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவதுதான் ஓய்வு பெறும்வரை அவளுக்கு வேலை. பாதித் தெரு அவள் பொருத்திய கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்த்தது. வீட்டுக்காரர் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். பகலெல்லாம் நடை. அவள் கடையிலிருந்து வரும் நேரத்துக்கு அவர் சட்டை மாற்றிக்கொண்டு சீட்டாடக் கிளம்புவார்.

"நாங்க மாடிப்படியிலதான் குடும்பம் நடத்தினோம். ஒருத்தர் ஏற, ஒருத்தர் இறங்க" என்று தங்கையிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்பது தங்கைக்கும் தெரியும். இன்னொருத்தி என்றால் வாசலில் போய் நின்று சண்டை போடலாம். சீட்டுக்கட்டோடு என்னவென்று போடுவது? ஓய்வு பெற்றதும் சாயங்காலங்கள் தனக்கு வந்துவிடும் என்று நினைத்திருந்தாள். அதற்குப் பிறகும் அவர் சட்டை மாற்றிக்கொண்டு போனார். பிறகு ஒரேயடியாகப் போனார்.

அடுத்த வருஷம், அவருடைய பழைய கண்ணாடிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்து வைத்த மகள், "அப்பாவுக்கு எந்தக் கண்ல பவர் அதிகம்?" என்று பேச்சுவாக்கில் கேட்டாள். அம்மாவுக்கு அது நினைவில் இல்லை. அத்தனையும் அவள் கையால் செய்து கொடுத்த கண்ணாடிகள். அடுப்பை அணைக்க மறந்ததையும் சாவிக்காக வீட்டையே புரட்டிப்போட்டதையும் வயசின் தலையில் போட்டுவிட்டவளுக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. கடைத்தெரு, கணக்கு வழக்கு, சொந்தக்காரர் பேர், எது போனாலும் போகட்டும். அவர் போகக் கூடாது. ஏற்கெனவே கொஞ்சமாகத்தான் கிடைத்தவர்.

மகள் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். மறதி நோய் என்று பேர் வைக்கும் அளவுக்கு இல்லை, ஆனாலும் சும்மா விடக்கூடாது என்றார் அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும், காதையும் ஒருமுறை சோதித்துவிட வேண்டும், தினமும் மூச்சு வாங்க நடக்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும்.

"வராமலே தடுத்துடலாம்னு சத்தியம் பண்ண மாட்டேம்மா. தள்ளிப்போட வாய்ப்பிருக்கு. வீட்ல தனியா உட்காராதீங்க. நாலு பேரோட சேர்ந்து தெரியாத ஒண்ணைக் கத்துக்குங்க."

மகள் உப்பு டப்பாவை எட்டாத தட்டுக்கு ஏற்றினாள். ஷூ வாங்கித் தந்தாள். அதை மாட்டிக்கொண்டால், ஓட்டப்பந்தயம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தவள் போல இருந்தது அம்மாவுக்கு. குறுக்கெழுத்துப் புத்தகமும் வந்தது. கட்டம் நிரம்பியதே தவிர, திரும்பப் பேசவில்லை.

ஒரு சாயங்காலம் நடந்துகொண்டே சைக்கிள் கடைக்குப் போய், பக்கத்துப் படியில் ஏறினாள். மாடியில் அவர் சீட்டாடிய தொழிலாளர் சங்க அறை. ஒரே ஜன்னல், ஒரு டியூப் லைட், பச்சைத் துணி ஒட்டிய மேசை. முடிதிருத்தும் கடைக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார், லிஃப்ட் மெக்கானிக் மூவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஜோடி சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. மீட்டர்காரர் போனதிலிருந்து ஆட ஆளில்லை.

"ஒரு கை குறையுதாமே" என்றாள்.

அவருக்கு ஜோடியாக ஆடிய மெக்கானிக்தான் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வீட்டுக்காரருடைய முழங்கை பட்ட இடத்தில் மேசைத் துணி நூல் நூலாகியிருந்தது. அவள் தன் முழங்கையை அதன்மேல் வைக்கப் பார்த்தாள். எட்டவில்லை. நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

இஸ்பேட்டுக்கும் கிளாவருக்கும் வித்தியாசம் பிடிபடவே நாளாயிற்று. "அண்ணி, துருப்பு என்ன வீட்டுச் சாவியா, வந்ததும் வராததுமா எடுத்து வைக்க?" என்று முடிதிருத்துபவர் சீண்டினார். நல்ல சீட்டாகப் பார்த்து அவர் வெட்டும்போது, "வெட்டுறதைக் கடையோட நிறுத்திக்குங்க தம்பி" என்று இவளும் திருப்பிக் கொடுத்தாள். திரும்பும்போது சுற்றுவழியாக நடந்து வருவாள். படுத்ததும் அன்றைய ஆட்டத்தை மனசுக்குள் மறுபடி ஆடிப் பார்ப்பாள். பாதியில் தூங்கிப்போவாள்.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் துருப்பு எது என்பதே மறந்துபோனது. இஸ்பேட்டா? டைமனா? எதிரே மூன்று முகங்கள் காத்திருந்தன. கேட்க வெட்கமாக இருந்தது. ஏதோ ஒன்றை இறக்கினாள். ஜெயிக்க வேண்டிய கை போயிற்று.

"என்ன அண்ணி நீங்க" என்று மெக்கானிக் சீட்டை வீசினார். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "சரி விடுங்க. எனக்கும் மறக்கும். அண்ணனே மறப்பார். மறந்துட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்க, சைக்கிள் கடைக்காரன் கீழேருந்து கழியால தட்டுவான்."

"யாரு, எங்க வீட்டுக்காரரா?"

"அவரேதான்."

வீட்டில் அவர் சிரித்தால் மீசை லேசாக அசையும். அவ்வளவுதான். அதற்குச் சத்தம் உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. இதையும் மறந்துவிட்டோமோ என்று ஒரு கணம் திக்கென்றது. எவ்வளவு துழாவியும் உள்ளே ஒன்றுமில்லை. மறக்கவில்லை. இது அவளுக்குக் கிடைக்கவே இல்லை.

"எப்படிச் சிரிப்பார்?" என்று கேட்டாள்.

முடிதிருத்துபவர் தலையைப் பின்னால் சாய்த்து, கடகடவென்று சிரித்துக் காட்டினார்.

"அது உன் சிரிப்புய்யா" என்றார் வாத்தியார். "அவருக்கு முதல்ல சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும்." குலுக்கிக் காட்டியதில் அவருடைய கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது.

ரெண்டுமே இல்லை என்று மெக்கானிக் மேசையைத் தட்டிக்கொண்டு கனைத்தார். கடைசியில் ஒரு விசில் மாதிரி வரும், அது யாருக்கும் வராது என்றார். மூவருக்கும் வாக்குவாதம் முற்றியது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை.

"இன்னொரு தடவை" என்றாள் மெக்கானிக்கிடம். "அந்த விசிலோட."

அவர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.