நற்சான்றில் ஒரு வார்த்தை

சீதாலக்ஷ்மிக்கு அந்த ஒரு வார்த்தை மேல்தான் சந்தேகம். இங்கிலீஷ் கடிதத்தில் மற்றதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். நாணயமானவள், சுத்தமானவள், நேரம் தவறாதவள். கடைசியில் ‘கான்ட்’ (gaunt) என்று ஒன்று தனியாக நின்றது. ஆறு வருஷம் அவள் சமைத்துப் போட்ட பத்மப்ரியா டீச்சர், மகளோடு இருக்கப் பெங்களூர் போகுமுன் எழுதிக் கொடுத்த கடிதம் அது. வழுதக்காட்டில் வேலை கேட்டுப் போன ஒரு வீட்டில் அதைப் படித்தார்கள், அவளை மேலும் கீழும் பார்த்தார்கள், சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். அதோடு சரி. டீச்சர் காலை வாரிவிட்டாள் என்று இவள் முடிவே கட்டிவிட்டாள்.

தம்பானூர் ஜெராக்ஸ் கடை ஸ்ரீகுமார் போனில் தேடிப் பார்த்தான்.

“மெலிஞ்சவங்கன்னு மட்டும் இல்ல மாமி. பட்டினி கெடந்தோ நோவு வந்தோ கன்னம் ஒட்டிப் போனவங்களைச் சொல்றது. சினிமா நடிகை மாதிரி ஒல்லிக்கு இது சேராது, கேட்டோ.”

நோஞ்சான் சமையல்காரியை யார் வைத்துக்கொள்வார்கள்? வேறு கடிதமும் கையில் இல்லை. ஸ்ரீவராகத்தில் அவள் புருஷன் பட்டாபி படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். மதியம் அவள் கொண்டுபோகும் தூக்குச்சட்டிதான் அவருக்குச் சாப்பாடு. பெருமாளுக்கு நைவேத்யம் கைகாட்டுமுன் அவள் எதையும் நாக்கில் வைக்க மாட்டாள், உப்புப் பார்ப்பதுகூட வாசனையில்தான். அதன்பிறகு தன் பங்கை அப்படியே தூக்கில் கொட்டுவாள். ஆத்துக்குப் போய்ச் சாப்பிடுவதாக டீச்சரிடமும், அங்கேயே சாப்பிட்டாயிற்று என்று பட்டாபியிடமும் சொல்வாள். ஆறு வருஷமாக ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

கரமனையில் திவ்யலட்சுமி வீட்டில் ஒருநாள் சமைத்துக் காட்டச் சொன்னார்கள். கடிதத்தைப் படித்த திவ்யலட்சுமி உள்ளே போய் யாருடனோ நெடுநேரம் போனில் பேசினாள். போச்சு என்று சீதாலக்ஷ்மி ரசத்தை இறக்கினாள். நைவேத்யம் ஆனதும் திவ்யலட்சுமி ஒரே ஒரு இலையைப் போட்டு, அவளை உட்காரச் சொன்னாள். எதையாவது கலந்திருப்பேன் என்று பரீட்சை வைக்கிறாளோ? சீதாலக்ஷ்மி உட்காரவில்லை. தூக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“டீச்சர் எல்லாம் சொன்னா, மாமி,” என்றாள் திவ்யலட்சுமி. “உங்க பங்கு மாமாவுக்குப் போயிடறது, நீங்க சாப்பிடறதே இல்லைன்னு. படிக்கறவா ஏன்னு தன்கிட்ட கேக்கட்டும்னுதான் அந்த வார்த்தையைப் போட்டாளாம். மாமாவுக்குத் தனியா எடுத்து வெச்சாச்சு. நாளைலேர்ந்தும் அப்படித்தான். உக்காருங்கோ.”

வேலை கிடைத்துவிட்டது. சீதாலக்ஷ்மி உட்கார்ந்தாள். சாதத்தில் ரசத்தை விட்டுப் பிசைந்தவள் பாதியில் கையை நிறுத்தினாள். வாய்க்குப் போகவில்லை.

“அப்போ டீச்சர் ஆறு வருஷமாப் பாத்துண்டுதான் இருந்திருக்கா,” என்றாள். “ஒரு நாள்கூட எனக்கு ஒரு இலை போடலை.”

திவ்யலட்சுமி இன்னும் கொஞ்சம் சாதம் போட்டாள்.