கொஞ்சம் நிதானமா ஓடுதுங்க

மெதுவாக ஓடும் கம்ப்யூட்டரை வேகமாக ஓட வைப்பது சுலபம். அதற்கு என்ன கேடு என்று ஒரு கோயமுத்தூர்க்காரர் வாயிலிருந்து வரவழைப்பதுதான் கஷ்டம். வேறு ஊராக இருந்தால் போனில் கத்துவார்கள், நாமும் திருப்பிக் கத்தலாம். இங்கே, "கொஞ்சம் நிதானமா ஓடுதுங்க, அவசரமில்லீங்க, உங்களுக்கு வேல இல்லாதப்ப வந்தாப் போதுமுங்க" என்பார்கள். மெஷின் நேற்றிலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்று அதற்கு அர்த்தம். வாதாடுவதை மூச்சு விடுவது மாதிரி செய்கிற என் போன்றவளுக்கு இது எவ்வளவு பெரிய கொடுமை! ஆசைப்பட்டுப் புது விண்டோஸ் போட்டுவிட்டு, திரையில் மணற்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என் கட்சிக்காரர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நிபந்தனை

எம்.சி.ஏ. கடைசி வருஷம் படித்துக்கொண்டே காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தேன். சேரும்போது சொன்னது 'சர்வீஸ் இன்ஜினியர்'; உட்கார வைத்தது போன் மேசையில். "பொண்ணுங்கள வெளிவேலைக்கு அனுப்பறதில்ல அம்மணி. நாளைக்கு உங்கூட்ல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றார் முதலாளி. எங்கள் வீட்டில் கேட்க வேண்டியதையெல்லாம் என்னிடமே கேட்டுவிடுவார்கள், உங்கள் வரைக்கும் வராது என்றேன். இரண்டு நாள் விடாமல் பேசினேன். டீ குடிக்கிறபோதுகூடப் பேசினேன்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி, சிங்கப்பூரிலிருந்து வந்த பழைய லேப்டாப்புகளைச் சுற்றுவட்டாரம் பூராவும் விற்றிருந்தார். விற்றதோடு நிற்காமல், எல்லாவற்றிலும் புது விண்டோஸ் ஏற்றியும் கொடுத்திருந்தார். ஏற்றிய மறுநாளே அவை நத்தைகளாகிவிட்டன. புகார்கள் வரத் தொடங்கின, ரொம்ப மரியாதையாக. என் வாயை அடைக்க அதையே பிடித்துக்கொண்டார் முதலாளி: "இந்த லேப்டாப் கேசெல்லாம் நீயே போய்ப் பாரு. உம் பரீச்சை வரைக்கும் டைம். அதுக்குள்ள ஒரே ஒரு கஸ்டமர் போன் பண்ணி, 'அந்தப் புள்ளையவே மறுபடியும் அனுப்புங்க'ன்னு கேட்டாப் போதும், வெளிவேல உனக்கு. கேக்கலீனா, போன் மேசை."

உலகத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி படியிறங்கினேன். கீழே, கடையின் சீனியர் இன்ஜினியர் செல்வராஜ் அண்ணன் சாவகாசமாகப் பையை மாட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "ஒழுங்கா ரிப்பேர் பண்ணுனா ஒருத்தனும் மறுபடி கூப்புட மாட்டான். ஒழுங்காப் பண்ணலீனா வேற ஆளக் கூப்புடுவான். இதுல நீ எப்படி அம்மணி செயிப்ப?"

கிணத்துக்கடவில் த்ரீ பேஸ்

முதல் கேஸ், ஒரு தென்னந்தோப்புக்காரர். கேட்டைத் திறந்தவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். "இன்ஜினியரு வாராருங்களா?" நான்தான் என்றேன். "செரிங்க, செரிங்க. அவரு வார வரைக்கும் ஒரு எளநி குடிங்க." குடித்துவிட்டு மறுபடியும் நான்தான் என்றேன். இரண்டாவது இளநீர் வந்தது.

லேப்டாப்பைத் திறந்தால், பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியைச் சேமிக்க அது தன் வேகத்தைத் தானே பாதியாகக் குறைத்துக்கொள்ளும். பழைய சிஸ்டம் அந்தப் பாதி வேகத்திலும் சமாளித்திருக்கிறது, புதியது படுத்துவிட்டது. ஏன் பிளக்கில் சொருகவில்லை என்றேன். அவருக்கு என் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "த்ரீ பேஸ் வந்தாத்தானுங்க மோட்டாரே போடுவோம். இத்தன வெல குடுத்து வாங்குன பொருள சிங்கிள் பேஸ்ல போட்டா, காயில் கருகிப்போயிராதுங்களா?" த்ரீ பேஸ் வருகிற நேரம் பார்த்துச் சார்ஜ் ஏற்றி, மீதி நேரமெல்லாம் பேட்டரியிலேயே ஓட்டியிருக்கிறார் மனிதர்! லேப்டாப் என்பது பம்புசெட் அல்ல என்று நான் நிகழ்த்திய சொற்பொழிவை எங்கள் டிபார்ட்மெண்டில் நிகழ்த்தியிருந்தால் கைதட்டல் வாங்கியிருப்பேன். அவர் தலையாட்டிக்கொண்டே மெயின் சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். சொருகினேன். ஓடியது, ஜோராக ஓடியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உருகிப்போய்ச் சொன்னார்: "சிங்கிள் பேஸ்லயே இந்த ஓட்டம் ஓடுதே! இதுக்கு த்ரீ பேஸ் குடுத்தா எப்படி ஓடுமுங்க!"

கட்டம் நகர்கிறது

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு லேத் பட்டறை. கணக்கு வழக்கு, ஆபீஸ் எல்லாம் முதலாளியம்மா கையில். ஒரு லெட்டர் அடிக்க அரை நாள் ஆகிறது என்று கூப்பிட்டிருந்தார். போனால், லேப்டாப் திரையை வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். அதில் கலர் கலராகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இங்கிருந்து அங்கே தாவிக்கொண்டிருந்தன. டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை அடுக்கி வைக்கிற வேலை அது. எப்போதாவது ஒருதரம் செய்தால் போதும். இவர்கள் காலையில் சாமி கும்பிட்டுவிட்டுப் போட்டால் சாயங்காலம்தான் நிறுத்துகிறார்கள். புதிய சிஸ்டத்தில் அவருக்கு ரொம்பப் பிடித்ததே அதுதானாம். "பார்ட்டி வந்து பாத்தா ஏதாச்சும் ஓடிட்டே இருக்கோணுமில்ல கண்ணு? லேத்து நின்னாக்கூட இது நிக்கறதில்ல."

இது ஓடுவதால்தான் லெட்டர் ஓடவில்லை என்றேன். ஆமாம் என்றார். டிஸ்க்குக்கும் ஆயுள் குறையும் என்றேன். அதற்கும் ஆமாம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால்தானே நான் ஜெயிக்க முடியும்? நிறுத்திக் காட்டினேன், லெட்டர் நிமிஷத்தில் வந்தது. சந்தோஷமாக முறுக்கும் காபியும் கொடுத்து, கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். "நீ சொன்னது அத்தனையும் செரி கண்ணு. நீ பஸ் ஏறுனதும் போட்டுக்கறேன்."

பொள்ளாச்சியில் பல்

இரண்டு இடத்திலும் வேலை முடிந்தது. செல்வராஜ் அண்ணன் ஜோசியம் பலித்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. பரீச்சை நெருங்கிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்தது பொள்ளாச்சியில் ஒரு கொப்பரை மண்டிக்காரர் மட்டும். கிளம்பும்போது முதலாளி பாடம் சொல்லி அனுப்பினார்: "புதுசுங்க, பழகப் பழக வேகமாயிருமுன்னு சொல்லிப்போட்டு வந்துரு. நாங்க எல்லாத்துகிட்டயும் அதுதான் சொல்லியிருக்கோம்."

மண்டிக்காரர் அதையே எனக்குச் சொன்னார். "வாங்குன மாடு புது எடத்துல நாலு நா மிரளுமுங்க. அப்பறம் பழகிக்கும். இதுவும் அப்படித்தான்னாங்க. நானும் பொறுத்துப் பாக்கறேன், பழகற மாதிரியே தெரியலீங்க." அவர் முகத்தில் கோபமே இல்லை. தப்பு தன் பேரில்தானோ, சரியாகப் பழக்கத் தெரியவில்லையோ என்கிற மாதிரி நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு போன் வந்தால் எனக்கு வேலை. இவரிடம் உண்மையைச் சொன்னால் இருக்கிற போன் மேசையும் போகும். எல்லாம் தெரிந்தேதான் வாயைத் திறந்தேன்.

"இது பழகாதுங்க. என்னைக்கும் பழகாது. இதுல இருக்கற மெமரி பழைய சிஸ்டத்துக்குத்தான் காணும். ஏத்தறதுக்கு முன்னாடியே எங்க கடையில சொல்லியிருக்கோணும், சொல்லலை. ஒண்ணு மெமரி சேர்க்கோணும், இல்லாட்டிப் பழசையே திருப்பிப் போடோணும்." எங்கே பார்த்தால் எவ்வளவு மெமரி என்று தெரியும், புதிய சிஸ்டத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று காட்டினேன். பழையதையே போட்டுக் கொடுத்தேன். அவர் அப்படியே கொப்பரைச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். "மாடா இருந்தாச் சந்தையிலயே பல்லப் புடிச்சு வயசப் பாத்திருப்பேன். இதுக்குப் பல்லு எங்கிருக்குதுன்னு இத்தன நாளா ஒருத்தருஞ் சொல்லலீங்களே அம்மணி!"

மறுபடியும்

விஷயம் முதலாளி காதுக்குப் போக ரொம்ப நேரம் ஆகவில்லை. யார் சொன்னார்கள்? நானேதான். "சம்பளம் இங்க வாங்கிட்டு, பேச்சு அங்கயா?" என்று ஆரம்பித்தார். பொய் சொல்ல எனக்குச் சம்பளம் பேசவில்லை என்றேன். பரீச்சை முடிந்ததும் வர வேண்டாம் என்று சொல்ல அவர் வாயெடுத்தபோதுதான் போன் அடித்தது. எடுத்தேன். மண்டிக்காரர், முதலாளியைக் கேட்டார். கொடுத்தேன். ஏலத்தில் பழகிய குரல், முதலாளி ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க, கடை பூராவும் கேட்டது: "மெஷினுக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லா ஓடுது. எம் மச்சானுக்கு உங்ககிட்டயே ஒண்ணு வாங்கலாமுன்னு இருக்கோம். அதுக்கு முந்தி அந்த அம்மணிய மறுபடியும் அனுச்சு உடுங்க. உங்ககிட்ட என்னென்ன கேக்கோணுமுன்னு எங்களுக்கு அந்தப் புள்ளதான் சொல்லித் தரோணும்."

செல்வராஜ் அண்ணன் சிரிப்பை அடக்க மேசைக்கடியில் எதையோ தேடினார். இது ரிப்பேர் கேஸ் இல்லை, கணக்கில் வராது என்றார் முதலாளி. நீங்கள் சொன்னது 'மறுபடியும்' என்று மட்டும்தான், 'ரிப்பேருக்கு' என்று சொல்லவே இல்லை, இதோ அண்ணன் சாட்சி என்றேன். அண்ணன் மேசைக்கடியிலிருந்தே கையைத் தூக்கினார். முதலாளி என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "செரி, போயிட்டு வா. ஆனா ஒண்ணு அம்மணி, நமக்கும் கொஞ்சம் பாத்துப் பேசு!"

ஆக, முதலாளியோடு இரண்டு நாள் வாதாடியும் கிடைக்காத வெளிவேலை, முதலாளியை எதிர்த்து வாதாட ஆள் வேண்டும் என்று வெளியிலிருந்து கேட்டதும் ஒரே போனில் கிடைத்துவிட்டது.